ஆசிரியர்களுக்கு ஓர் ஆசிரியை!



தென்காசியை விட்டுக் குற்றாலம் நோக்கிப் போகும் சாலையில் இருக்கிறது மேலகரம். குற்றாலக் குறவஞ்சியைத் தமிழுக்குத் தந்த திரிகூட ராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அங்கே மேடை ஏறினால் நாவுக்குக் கொஞ்சம் கூச்சம் வரத்தான் செய்கிறது! சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்த ஊருக்குப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து, தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்ற வேளையில், நரைத்த தலையும் நனைந்த குடையுமாக ஒருவர் என்னைத் தேடி வந்தார். தொடக்கப் பள்ளி வாத்தியார். முப்பது ஆண்டுக் காலம் அகரம் எழுதக் கற்றுக்கொடுத்த கை அவருடைய கை. என்னிலும் மூத்தவர், ஆனாலும், நெல்லைச் சீமை வழக்கப்படி அண்ணாச்சி என்றே என்னை அழைத்தார்.

அவர் வந்தது வாழ்த்துவதற்கல்ல, வழக்குரைக்க! பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரின் பால பாடம் சொல்லிக் கொடுங்கள் என்கிறார்களே, எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்பதுதான் வழக்கு. பயிற்சி நடந்ததாம், ஒரே ஒரு நாள். பகலுணவு நன்றாகவே இருந்ததாம். திரையிலே படம் ஓடிற்று, படத்திலே ஆங்கிலம் ஓடிற்று, சுவரிலே கடிகாரம் ஓடிற்று. கருவியைத் தொட்டவர் ஒருவர். எட்டி நின்று பார்த்தவர் எண்பது பேர். மாலையில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று பட்டம் கட்டி அனுப்பிவிட்டார்கள். யார் நடத்தினார்கள், எங்கே நடந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் வழக்கு அந்தப் பெயரோடு முடிந்துவிடும். நோயோ நாடு முழுவதும் இருக்கிறது.

2024ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள். நல்ல காரியம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. உழவனுக்கு ஏர் கொடுத்தாயிற்று, சரி; உழவு கற்றுத்தந்தாயா என்பதுதான் கேள்வி. எட்டு வயதுப் பிள்ளை தன் விரலால் அந்தக் கண்ணாடியைத் தட்டித் தள்ளுகிற வேகத்தைப் பார்த்து, அறுபதை நெருங்கும் ஆசிரியர் தன் விரலை மறைத்துக்கொள்கிறார். அந்த வெட்கத்தை அவர் முகத்திலே நான் கண்டேன்.

பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். கணிப்பொறியைப் பற்றி அவருக்குப் பாடம் சொல்ல எனக்குத் தகுதி ஏது? ஆனால் ஆசிரியரை ஆசிரியராக்குவது எப்படி என்று வாழ்நாளெல்லாம் எண்ணிய ஒரு பெண்மணியின் கதை எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டார். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மரியா மாண்டிசோரி! பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? நகரத்துப் பெரிய வீதி, வண்ணம் பூசிய மதிற்சுவர், காரில் வந்து இறங்கும் குழந்தை, ஆயிரக்கணக்கில் கட்டணம். அந்தப் பெயரைப் பலகையிலே எழுதிவிட்டால் கட்டணத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த அம்மையார் தம் பள்ளியை முதன்முதலில் யாருக்காகத் திறந்தார், தெரியுமா? கூலி வேலைக்குப் போன தாய் தந்தையர் வீட்டில் விட்டுச் சென்ற பிள்ளைகளுக்காக!

1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய் ஏடுகளை நேசித்தவர். அந்நாளில் படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்று: ஆசிரியை வேலை. அதற்குப் போ என்றார்கள் பெற்றோர். மாட்டேன் என்றார் மகள்! பிற்காலத்தில் உலகத்து ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியை ஆனவர், இளமையில் வேண்டவே வேண்டாமென்று உதறிய வேலை அதுதான். பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியாளர் ஆவேன் என்றார். பிறகு மருத்துவம் படிப்பேன் என்றார். பெண்ணுக்கு மருத்துவமா என்று ஊர் சிரித்தது. ரோம் பல்கலைக் கழகத்தில் ஆடவரோடு நின்று பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று விதி செய்தார்கள். ஆகவே எல்லாரும் போன பிறகு, இருட்டிய நேரத்தில், பிணங்களுக்கு நடுவே தனியாக நின்று படித்தார் அந்த இளம் பெண். மருந்து நாற்றத்தைத் தாங்க முடியாமல் புகையிலையைப் புகைத்துக்கொண்டே கத்தியைப் பிடித்தாராம்! 1896இல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

அதே ஆண்டு பெர்லின் நகரில் கூடிய பன்னாட்டுப் பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் பேசினார். எதைப் பற்றி? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சமக் கூலி என்பதைப் பற்றி! தோழர்களே, ஆண்டு 1896 என்பதை மறவாதீர்கள்.

பின்னர் மனநோய் மருத்துவமனையில் வேலை. அறிவு வளராதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளையும் பித்துப் பிடித்தவர்களோடு சேர்த்து அடைத்துவைத்திருந்த காலம் அது. வெற்றுச் சுவர், வெற்றுத் தரை. உணவு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். என்ன பேராசை என்று முகம் சுளித்தாள் காவல் பெண். மரியா உற்றுப் பார்த்தார். அவர்கள் தின்பதற்காகப் பொறுக்கவில்லை. தொட்டு, உருட்டி, பிசைந்து பார்ப்பதற்காகப் பொறுக்கினார்கள். அந்த அறையிலே கைக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்தத் துணுக்குகள்தாம்! கைக்கு வேலை இல்லாத இடத்தில் அறிவுக்கும் வேலை இல்லை என்பதை அந்தத் தரையிலேதான் அவர் படித்தார்.

இட்டார்டு, செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிய பழைய ஏடுகளைத் தேடிப் படித்தார். 1900இல் ரோமில், இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, அதன் இரு இயக்குநர்களில் ஒருவரானார். முதல் வகுப்பில் 64 ஆசிரியர்கள். பகலெல்லாம் குழந்தைகளோடு, இரவெல்லாம் குறிப்பேட்டோடு என்று உழைத்தார்கள். முடியாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகளில் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் அரசுத் தேர்வையே எழுதித் தேறிவிட்டார்கள். ஊர் வியந்தது. அம்மையாரோ வியக்கவில்லை, அவருக்கு வேறொரு கேள்வி பிறந்தது. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு எட்டுகிறார்கள் என்றால், நல்ல உடலும் நல்ல மூளையும் உள்ள பிள்ளைகள் பள்ளிகளில் ஏன் இவ்வளவு பின்தங்கிக் கிடக்கிறார்கள்?

இந்த இடத்தில் அவர் வாழ்வின் துயரம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். உடன் பணியாற்றிய மருத்துவர் மாண்டசானோவுடன் காதல் கொண்டார். 1898இல் மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும். செய்யாவிட்டால் ஊர் தூற்றும். குழந்தையை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றிடம் வளர விட்டார். அந்த மருத்துவர் வேறொரு பெண்ணை மணந்தார். ஊர் அவரைத் தூற்றவில்லை! உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாயானவர், தான் பெற்ற பிள்ளை பதினைந்து வயதை எட்டும்வரை அவனைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த மரியோதான் பின்னாளில் அவருக்கு வலக்கையாகவும் வாயாகவும் விளங்கினார். அதைச் சென்னையிலே காண்போம்.

சான் லோரென்சோ! ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு. பாதி கட்டிக் கைவிட்ட கட்டடங்கள். அவற்றிலே நெருக்கியடித்து வாழ்ந்த கூலிக் குடும்பங்கள். கட்டட நிறுவனம் ஒன்று அவற்றைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் படிக்கட்டிலே ஓடினார்கள், சுவரிலே கிறுக்கினார்கள், சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். முதலாளிகளுக்குக் கவலை வந்துவிட்டது; பிள்ளைகளைப் பற்றியல்ல, சுவரைப் பற்றி! சுவரைச் செப்பனிடும் செலவில் ஒரு பள்ளி நடத்தி, பிள்ளைகளை அதிலே உட்கார வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கின் பயனாக 1907 சனவரி 6ஆம் நாள் திறக்கப்பட்டதுதான் குழந்தைகள் இல்லம். சுவரைக் காக்கப் பிறந்த பள்ளி உலகத்துப் பள்ளிகளின் சுவர்களையெல்லாம் அசைத்துவிட்டது!

அங்கே பாடம் நடத்தியவர் யார்? பட்டம் பெற்றவரா? பயிற்சிச் சான்று வைத்திருந்தவரா? இல்லை. அந்தக் கட்டடத்தின் வாயிற்காவலர் மகள்! அம்மையார் மேற்பார்வை பார்த்தார், வழிகாட்டினார். நாள்தோறும் குழந்தைகளோடு இருந்தவள் அந்தப் பெண்தான். தென்காசி வாத்தியார் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மரக்கட்டையில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒவ்வோர் உருளைக்கும் ஒரே ஒரு குழிதான் பொருந்தும். தவறாக வைத்தால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சிப்போகும். ஆசிரியை கடிந்துகொள்ள வேண்டியதில்லை. கட்டையே சொல்லிவிடும், எங்கோ பிழை இருக்கிறது என்று. குழந்தை எல்லாவற்றையும் எடுத்து, மறுபடி முதலிலிருந்து பார்க்கும். பிழை என்பது அடி வாங்கும் குற்றமாக இல்லாமல், தேடிக் கண்டுபிடிக்கும் புதிராக மாறிவிட்டது. இந்த ஒரு செய்தியை மனத்தில் முடிந்து வையுங்கள். கணிப்பொறிக்கு வரும்போது தேவைப்படும்.

முதலில் அந்தப் பொருள்களைப் பூட்டிய அலமாரியில்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஆசிரியை பூட்ட மறந்தாள். வந்து பார்த்தால், பிள்ளைகள் தாமே கதவைத் திறந்து, வேண்டியதை எடுத்து, வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருட்டு என்று கொதித்தாள் அவள். அம்மையாரோ, தமக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அளவுக்கு இவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தார். அன்றோடு உயர்ந்த அலமாரி போயிற்று, குழந்தை கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரி வந்தது. நம் ஊர்களில், கணிப்பொறி வந்த நாள் முதல் துணி போர்த்திப் பூட்டி, பார்வையாளர் வரும்போது மட்டும் திறந்து காட்டும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, விரலால் தடவச் செய்தார். மாதங்கள் சென்றன. டிசம்பர் மாதத்து வெயிலில் மொட்டை மாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தபோது, ஒரு சிறுவனிடம் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, அதோ அந்தப் புகைபோக்கியை வரை என்றார். அவன் வரைந்தான். வரைந்தவன் திடீரென்று துள்ளி, தரையிலேயே ஒரு சொல்லை எழுதினான், இன்னொன்று எழுதினான். எனக்கு எழுத வருகிறது என்று கூவினான். சுற்றி நின்ற பிள்ளைகளும் சுண்ணாம்பு கேட்டுக் கை நீட்டினார்கள். கூலிக்காரன் மகன், பள்ளி செல்லும் வயதே வராதவன், எவரும் எழுது என்று சொல்லாமல் எழுதிவிட்டான்!

செய்தி பரவிற்று. 1909இல் தமது முறையை ஏடாக எழுதினார். அதே ஆண்டு நூறு பேர் அளவில் ஆசிரியர்களைக் கூட்டி முதல் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1913இல் அமெரிக்கா சென்றபோது அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் அலைமோதிற்று. 1915இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவருக்குள் ஒரு வகுப்பறையே நடத்திக் காட்டினார்கள்.

புகழ் மாலை மட்டும் தொடுத்துக்கொண்டே போவது என் வழக்கமல்ல. இரண்டு குறைகளைச் சொல்லியே தீர வேண்டும். முதலாவது, முசோலினி. 1924 முதல் அந்தக் கொடுங்கோலனின் ஆதரவை அம்மையார் ஏற்றார். பள்ளிகள் பெருகின, பயிற்சிக் கல்லூரி எழுந்தது. குழந்தைக்குச் சுதந்திரம் கேட்டவர், நாட்டின் சுதந்திரத்தை நசுக்கியவனின் கையைப் பற்றினார். பத்தாண்டு! பின்னர் அவன் குழந்தைகளைத் தன் படைக்கு ஆளாக்க நினைத்தபோதுதான் முறிவு வந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவர் குடியேறியிருந்த ஸ்பெயினிலும் 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். கொடுங்கோலனை நம்பியதற்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. ஆனாலும் நம்பினார் என்பதை மறைக்கக் கூடாது.

இரண்டாவது குறை நம் வழக்கோடு தொடர்புடையது. தம்மிடம் பயிற்சி பெற்றவர் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம், ஆனால் வேறோர் ஆசிரியரைப் பயிற்றக் கூடாது என்று வேலி போட்டார். முறை கெட்டுவிடுமோ என்ற அச்சம். அச்சம் நியாயமானதாகவே இருக்கலாம். விளைவு என்ன? ஊற்று ஒன்று, குடங்கள் ஆயிரம். பயிற்சி அருமையாயிற்று, அருமையானது விலை ஏறிற்று, விலை ஏறியது ஏழையின் தெருவை விட்டுப் போயிற்று. இதற்கு நேர்மாறானதை நம் சென்னைப் பட்டணத்திலேயே ஒருவர் கண்டார். 1789 முதல் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துக்காரர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பிள்ளையைக் கொண்டு இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் நடத்தி, இங்கிலாந்துக்குப் போய் அதைச் சென்னை முறை என்றே பரப்பினார். கற்றவன் கல்லாதவனுக்குச் சொல். அவன் அடுத்தவனுக்குச் சொல்லட்டும். படிப்பகங்களில் ஒருவர் செய்தித்தாளை வாசிக்க நாற்பது பேர் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இந்த வழி புதிதன்று.

சரி, அடையாறுக்கு வருவோம்.

1939 நவம்பர். ஐரோப்பாவில் போர் தொடங்கிவிட்டது. 69 வயது அம்மையார், மகன் மரியோவோடு சென்னையில் வந்து இறங்கினார். அழைத்தவர்கள் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும். அந்தச் சபையோடு நமக்கு ஆயிரம் மாறுபாடு உண்டு. ஆனால் நல்ல ஆசானை நம் மண்ணுக்கு அழைத்து வந்தவர்கள் என்பதைச் சொல்வதற்கு என்ன தயக்கம்? இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டகை. தரையிலே பாய். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மகன் ஆங்கிலத்தில் சொல்வார். கேட்பவர் தம்தம் தாய்மொழியில் எண்ணிப் பார்ப்பார்.

என்ன கற்றுக்கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் பேச்சல்ல, மாதக் கணக்கில் பயிற்சி. ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு பொருளையும், குழந்தையின் கையில் கொடுப்பதற்கு முன், தன் கையால் எடுத்துச் செய்து பார்க்க வேண்டும். பிழை விட வேண்டும், திருத்த வேண்டும். செய்ததைத் தன் சொல்லில், தன் ஏட்டில், படத்தோடு எழுதி வைக்க வேண்டும். ஊருக்குத் திரும்பியபின் அந்த ஏடுதான் துணை. பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து, வாய் திறவாமல், குழந்தை என்ன செய்கிறது என்று மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதைவிடக் கடும் தண்டனை உண்டா? எனக்கு இல்லை என்றே தோன்றுகிறது!

1940 சூன் மாதம் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியர் எல்லாம் பகைவர் என்றது ஆங்கில அரசு. மரியோவை அகமத்நகர்ச் சிறை முகாமுக்குக் கொண்டு போனார்கள். முதிய தாயை அடையாறு எல்லைக்குள் இருக்கச் சொன்னார்கள். ஆகஸ்டு 31, அவருக்கு 70ஆம் பிறந்த நாள். அன்று வைசிராய் அனுப்பிய பரிசு, மகனின் விடுதலை! போர் முடியும்வரை வெளிநாடு செல்ல முடியாது. ஆனால் கற்பிக்கத் தடையில்லை. கோடைக்கானல் மலையில் இரண்டாண்டுக்கு மேல் தங்கி, ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான பாடங்களை உருவாக்கினார். தொடக்கப் பள்ளிக் கல்வி பற்றிய அவரது சிந்தனையின் பெரும்பகுதி நம் பழனி மலைத் தொடரில்தான் முற்றிற்று. 1944இல் இலங்கை சென்று பயிற்சி நடத்தினார். 1946இல் ஐரோப்பா திரும்பி, 1947இல் மீண்டும் வந்து, 1949வரை உழைத்தார். இந்தியாவில் மட்டும் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேல். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை பெயர் மொழியப்பட்டார், பரிசு வரவில்லை. 1952 மே 6ஆம் நாள், நெதர்லாந்தில் நோர்துவைக் என்னும் கடற்கரை ஊரில் மறைந்தார். பள்ளிகளை மூடிய அதே இத்தாலி, 1990இல் தன் ஆயிரம் லிரா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது!

இதிலே கணிப்பொறி எங்கே வந்தது என்று கேட்டார் கடைக்காரர். நல்ல கேள்வி.

சுவிட்சர்லாந்தில் பியாஜே என்றோர் அறிஞர், குழந்தை எவ்வாறு எண்ணுகிறது என்று ஆராய்ந்தவர். அந்நாட்டு மாண்டிசோரி கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். அவரிடம் 1958 முதல் ஐந்தாண்டு பணிபுரிந்தவர் சேமூர் பாப்பெர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அங்கே நிறவெறியை எதிர்த்தவர். 1967இல் இவரும் தோழர்களும் லோகோ என்ற கணிப்பொறி மொழியைக் குழந்தைகளுக்கென்றே படைத்தார்கள். திரையிலே ஓர் ஆமை. முன்னே நூறு போ, வலப்பக்கம் திரும்பு, இதை நான்கு முறை செய் என்றால் சதுரம் வரையும். தவறாகச் சொன்னால் வேறெங்கோ போகும். ஆமை திட்டாது, பிள்ளை தன் கட்டளையை வரி வரியாகப் பார்த்து, பிழை இருந்த வரியைத் திருத்தும். முடிந்து வைக்கச் சொன்னேனே, பத்து உருளைகள், பத்துக் குழிகள், அதேதான்! கூகுள் நிறுவனத்தை எழுப்பிய லாரி பேஜ், செர்கி பிரின் இருவரும் சிறு வயதில் மாண்டிசோரிப் பள்ளியில் படித்தவர்கள் என்பது வேறு செய்தி.

திரையே இல்லாவிட்டால்? பள்ளி முற்றம் இல்லையா? ஒரு பிள்ளை ஆமை, மற்றொரு பிள்ளை கட்டளை. சொன்னதை மட்டும் செய், சொல்லாததைச் செய்யாதே. பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், கட்டளை என்றால் என்ன, வரிசை என்றால் என்ன, பிழை என்றால் என்ன என்று. வாசலில் கோலம் போடும் பெண் செய்வதும் இதுதான். ஒரே வளைவைத் திருப்பித் திருப்பி இட்டுப் பெரும் கோலம் ஆக்குகிறாள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் உழைத்தவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணிப்பொறி இலக்கணமாக ஆராய்ந்து எழுதி, உலகத்துக்குக் காட்டினார்கள். ஆசிரியருக்குத் தெரியாத பொருள் அன்று இது. வேறு பெயரில் தெரிந்த பொருள். பயிற்சி கொடுப்பவர் அந்தப் பெயரை அவிழ்த்துக் காட்ட வேண்டும். அதற்கு ஆங்கிலப் படமும் வேண்டாம், ஒரு நாள் விருந்தும் வேண்டாம். கையால் செய்து பார்க்கச் சில வாரங்கள் வேண்டும். தமிழில் எழுதிவைத்த ஓர் ஏடு வேண்டும். திரும்பி வந்து சந்தேகம் கேட்க ஓர் ஆள் வேண்டும். அடையாற்று ஓலைக் கொட்டகையில் கிடைத்தது, கண்ணாடிக் கட்டடத்தில் கிடைக்காமல் போவானேன்?

அம்மையாரின் பொருள்களில் பொன்மணிகள் என்று ஒன்று உண்டு. ஒரு மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கட்டம் ஆயிரம். ஆயிரம் எவ்வளவு கனம் என்பதைக் குழந்தை தூக்கிப் பார்த்தே அறியும். கணிப்பொறிக்குப் பத்து தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டுதான், உண்டு, இல்லை. ஆகவே அதன் மணி, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகும். நம் பாட்டன் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கினானே, அதைத் தலைகீழாக ஏறினால் இதுதான்! நியூசிலாந்துப் பேராசிரியர் டிம் பெல்லும் தோழர்களும் 1990களில், கணிப்பொறியே இல்லாமல் இதைக் கற்பிக்க அட்டைகளைக் கொண்டு ஒரு விளையாட்டைத் தொகுத்து வைத்தார்கள்.

செய்து பார்ப்போமே என்றார் வாத்தியார்.

கடைக்காரர் காலியான பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். ஐந்து அட்டை கிழித்தோம். 16, 8, 4, 2, 1 என்று புள்ளி வைத்தார் வாத்தியார். கரும்பலகையில் பழகிய கை, புள்ளிகள் வரிசை தவறவில்லை. அட்டைகளைப் பலகையிலே வரிசையாக அடுக்கினோம். நிமிர்த்தினால் உண்டு, கவிழ்த்தால் இல்லை. 13 வேண்டுமா? எட்டும் நான்கும் ஒன்றும் நிமிரட்டும், மற்றவை கவிழட்டும். வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த கடைக்காரர் மகள், நான்காம் வகுப்புப் பிள்ளை, ஏட்டை மூடிவிட்டு வந்தாள். 21 என்றேன். பதினாறையும் நான்கையும் ஒன்றையும் நிமிர்த்தினாள். வாத்தியார் ஒருமுறை இரண்டு அட்டையை மாற்றி நிமிர்த்திவிட, அவள்தான் பிழையைக் காட்டினாள். அவர் விரலை மறைத்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே திருத்தினார். எல்லாவற்றையும் நிமிர்த்தினால் எவ்வளவு என்று அவரே அவளைக் கேட்டார். எண்ணி 31 என்றாள்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் என்ன செய்வது என்றாள் அவள். நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் பதினாறு புள்ளி அட்டையைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்தார். ஆறாவதாக ஓர் அட்டை, அதிலே 32 புள்ளி என்றார். எங்களிடம் இருந்த அட்டை போதவில்லை. கடைக்காரர் உள்ளே போய் இன்னொரு பெட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார்.